தகட்டில் 600 மீட்டர், மானுக்கு எத்தனை?

ஏப்ரல் 6 (கேள்வி)

308 ரைபிள் (குண்டின் விட்டம் 0.308 அங்குலம்), 168 கிரெய்ன் (சுமார் 11 கிராம்) குண்டுள்ள தோட்டா. 100 மீட்டரில் பைபாட் (இரட்டைக் கால் தாங்கி) போட்டுப் படுத்துச் சுட்டால் மூன்று குண்டும் ஒன்றையொன்று தொடுகின்றன. போன வாரம் 600 மீட்டரில் இரும்புத் தகட்டிலும் 'டங்' கேட்டுவிட்டது. வரும் பருவத்துக்கு உரிமம் எடுத்து மான் வேட்டைக்குப் போகிறேன். 500, 600 மீட்டரில் சுடலாம் என்று இருக்கிறேன். அதற்கு எப்படிப் பயிற்சி எடுப்பது? அனுபவம் உள்ள அண்ணன்மார் சொல்லுங்கள்.

ஏப்ரல் 6, இரவு (என் பதில்)

அந்த 'டங்' எத்தனையாவது குண்டுக்குக் கேட்டது? அதை எழுதவில்லையே தம்பி.

முதல் குண்டு இடது பக்கம் மண்ணைக் கிளப்பியது, பார்த்துத் திருத்தினோம், அடுத்தது விளிம்பை உரசியது, அதற்கடுத்தது நடுவில் விழுந்தது என்றால் அது 600 மீட்டரில் அடித்த கணக்கில் சேராது. தகடு அங்கேயே நிற்கும். மான் நிற்காது. நின்றால்கூடப் பரவாயில்லை. முதல் குண்டு வயிற்றிலோ தொடையிலோ பட்டிருந்தால் அது ஓடிப் போய் எங்கோ புதருக்குள் கிடந்து மெல்லச் சாகும், உனக்குக் கிடைக்கவும் செய்யாது.

தூரத்துக்குப் பயிற்சி எடு, ரேஞ்சில் இடம் இருக்கும் வரை எடு. ஆனால் மிருகத்தைச் சுடும் தூரம் அதில் பாதி இருந்தாலே அதிகம். நான் 400 மீட்டருக்கு மேல் எந்த மிருகத்தின் மேலும் விசையைத் தொடுவதில்லை.

ஏப்ரல் 7

காலையில் வந்து பார்த்தால் நாலு பேர் சண்டைக்கு நிற்கிறார்கள். "400 என்று யார் கோடு போட்டது?" என்று ஒருவர். கணக்காகவே பேசுவோம்.

மானின் நெஞ்சுக்கூட்டில் இதயமும் நுரையீரலும் சேர்ந்த பகுதி சுமார் 20 முதல் 25 செ.மீ. விட்டம். ஒரு சாப்பாட்டுத் தட்டு. நடுவைக் குறி வைத்தால் எந்தப் பக்கமும் 10, 12 செ.மீ. தவறலாம், அவ்வளவுதான் சலுகை.

இப்போது காற்று. 308-இல் 168 கிரெய்ன் குண்டு, குறுக்கே அடிக்கும் காற்று விநாடிக்கு 1 மீட்டர் வேகம் என்றால் 300 மீட்டரில் சுமார் 5 செ.மீ. தள்ளும். 500 மீட்டரில் 14, 15 செ.மீ. தள்ளும். கவனி, 5-க்கு 8 ஆகவில்லை, மூன்று மடங்கு ஆகிவிட்டது. குண்டு போகப்போக வேகம் இழக்கிறது, காற்றில் இருக்கும் நேரம் கூடிக்கொண்டே போகிறது.

விநாடிக்கு 1 மீட்டர் என்பது மணிக்கு 3.6 கி.மீ. மனிதர் சாவகாசமாக நடக்கும் வேகம். காற்றைக் கணிப்பதில் அந்த அளவு பிசகினால் 300-இல் மான் விழும், 500-இல் நெஞ்சுக்கூட்டுக்கு வெளியே போய்விடும். அந்த அளவுக்குக் கூடப் பிசகாமல் கண்ணால் காற்றைக் கணிக்கிறவர்கள் இருக்கிறார்கள். நான் அவர்களில் ஒருவன் இல்லை. 400 என்ற கோடு இங்கிருந்து வந்தது.

ஏப்ரல் 7, மதியம்

தூரம் போகப்போகக் குண்டு எவ்வளவு கீழே விழும் என்று கேட்டவருக்கு: 100 மீட்டரில் ஜீரோ செய்த (குறி வைத்த இடத்திலேயே குண்டு படும்படி ஸ்கோப்பை, அதாவது குறிபார்க்கும் தொலைநோக்கியை, சரிசெய்த) 308, ஏறத்தாழ 300-இல் 1.7 மில், 400-இல் 2.8 மில், 500-இல் 4 மில். செ.மீ.யில் முறையே 50, 110, 200. மில், எம்ஓஏ இரண்டும் ஸ்கோப்பைத் திருத்தப் பயன்படும் கோண அளவுகள். ஒரு மில் என்றால் 100 மீட்டரில் 10 செ.மீ., 500 மீட்டரில் 50 செ.மீ. ஒரு எம்ஓஏ என்றால் 100 மீட்டரில் 2.9 செ.மீ. உங்கள் குழலும் தோட்டாவும் வேறு மாதிரி நடந்துகொள்ளும், என் எண்ணை அப்படியே ஸ்கோப்பில் ஏற்றாதீர்கள்.

கீழே விழுவது பெரிய பிரச்சினையே இல்லை. புவியீர்ப்பு நேற்று ஒரு மாதிரி இன்று ஒரு மாதிரி இருப்பதில்லை. லேசர் ரேஞ்ச்ஃபைண்டரில் தூரத்தைச் சரியாக எடுத்தால் ஸ்கோப்பின் திருகைக் கிளிக் எண்ணித் திருப்பிவிடலாம். தூரத்தைத் தவறாக எடுத்தால் மட்டும் தொலைந்தோம். 530 மீட்டரில் நிற்பதை 500 என்று நினைத்துச் சுட்டால் 20 செ.மீ.க்கு மேல் கீழே போகும். லேசர் கற்றை தூரம் போகப்போக விரியும், மானுக்கு முன்னால் இருக்கும் புல்லையோ பின்னால் இருக்கும் சரிவையோ அளந்து காட்டிவிடும். மானை ஒரு தரம், பக்கத்துப் பாறையை ஒரு தரம், பின்சரிவை ஒரு தரம் அளந்து மூன்றும் பொருந்துகிறதா என்று பார்க்கிற பழக்கம் வேண்டும்.

ஏப்ரல் 9

"அண்ணா, பயிற்சி என்ன என்றுதானே கேட்டேன், நீங்கள் தடுத்துக்கொண்டே இருக்கிறீர்கள்" என்கிறான் தம்பி. நியாயம்தான்.

முதல் பயிற்சிக்குத் தோட்டாச் செலவு மிகக் குறைவு. ரேஞ்சுக்குப் போனதும் எதையும் சுட்டுச் சூடேற்றாமல், குளிர்ந்த குழலோடு, ஒரே ஒரு குண்டு. 300 மீட்டரில் 20 செ.மீ. தகடு அல்லது அட்டை. எங்கே பட்டது என்று நோட்டில் ஒரு வட்டம் போட்டுப் புள்ளி வை. தேதி, வெப்பம், காற்று, படுத்தாயா உட்கார்ந்தாயா, எல்லாம் எழுது. அப்புறம் என்ன வேண்டுமானாலும் சுடு, அதெல்லாம் விளையாட்டு. அடுத்த முறை போகும்போது அதே பக்கத்தில் அடுத்த புள்ளி.

சில மாதங்கள் கழித்து அந்த வட்டத்தைப் பார். அதுதான் வேட்டைக்காரனாக உன் உண்மையான குரூப் (குண்டுகள் பரவும் அளவு). மூன்று குண்டு ஒன்றையொன்று தொடுகிற அட்டையைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ஊரெல்லாம் காட்டலாம், காட்டில் அது உதவாது. மூன்று குண்டு குரூப் அதிர்ஷ்டத்தாலும் சின்னதாக வரும். பத்து குண்டு சுட்டுப் பார்த்தால் அதே ரைபிள் ஒன்றரை மடங்குக்கு மேலேயே பரப்பும், ரைபிளைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, அதுதான் அதன் நிஜ அளவு.

சில குழல்களில் சுத்தம் செய்து எண்ணெய் துடைத்த பிறகு வரும் முதல் குண்டு மட்டும் தனியாக ஓரிடத்தில் விழும். அதையும் நோட்டுதான் காட்டிக்கொடுக்கும். பருவத்துக்கு முன் கடைசியாகச் சுத்தம் செய்தால், ஒன்றிரண்டு குண்டு சுட்டுவிட்டு அப்படியே எடுத்துப் போகிறவர்கள் உண்டு, நானும் அந்தக் கட்சி.

ஏப்ரல் 10

படுத்துச் சுடுவது பற்றி. உங்கள் ரேஞ்சில் புல் வெட்டியிருக்கும். காட்டில் முழங்கால் உயரம் நிற்கும், படுத்தால் ஸ்கோப்பில் பச்சை மட்டும்தான் தெரியும். அதனால் உட்கார்ந்து, மண்டியிட்டு, முதுகுப்பையின் மேல் வைத்து, மரத்தில் சாய்ந்து, ஊன்றுகோல் முக்காலியில் வைத்து என்று எல்லாமே பழக வேண்டும். இந்த நிலைகளில் 3 எம்ஓஏ வந்தாலே நல்ல கை. 3 எம்ஓஏ 300 மீட்டரில் 26 செ.மீ. தட்டு நிறைந்துவிட்டது, காற்றை இன்னும் கணக்கில் சேர்க்கவே இல்லை.

எனவே ஒவ்வொரு நிலைக்கும் தனித்தனித் தூரம். படுத்தால் இவ்வளவு, உட்கார்ந்தால் இவ்வளவு, மண்டியிட்டால் இவ்வளவு. 'என் தூரம் 400' என்று ஒரே எண்ணை வைத்துக்கொள்வதில் அர்த்தமில்லை.

ஏப்ரல் 10, சற்று நேரம் கழித்து

ஆமாம், ஆறாம் தேதி நான் ஒரே எண்ணைத்தான் சொன்னேன், எடுத்துக் காட்டியதற்கு நன்றி. 400 என்பது படுத்து, பையின் மேல் ஊன்றி, காற்று அடங்கியிருக்கும்போது. முழங்கால் ஊன்றினால் எனக்கு 150. பெருமையான எண் இல்லைதான்.

ஏப்ரல் 13

வெற்றுச் சுடல் பற்றி யாரும் பேசவில்லை, அதனால் நானே. தோட்டா இல்லாமல் விசையை அழுத்துவது. அறையில் ஒரு தோட்டாகூட இருக்கக்கூடாது, குழலறையைக் கண்ணாலும் பார், விரல் விட்டும் பார், குழல் முனை எப்போதும் குண்டு தாங்கும் சுவரை நோக்கியே. பெரும்பாலான சென்டர்ஃபயர் (ஊசி தோட்டா அடியின் நடுவில் அடிக்கும்) ரைபிள்களுக்கு இது கெடுதல் செய்யாது, கையேட்டைப் பார்த்துக்கொள். 22 ரிம்ஃபயரில் (தோட்டா அடியின் விளிம்பில் ஊசி அடிக்கும் சின்ன ரைபிள்) செய்யாதே, ஊசி நேராகக் குழலறையின் விளிம்பில் போய் அடிக்கும்.

சுவரில் ஒரு சின்னப் புள்ளி. கண்ணை மூடி, இரண்டு மூச்சு விட்டு, கண்ணைத் திற. குறுக்குக் கோடு புள்ளிக்குப் பக்கத்தில் நின்றால், கையால் இழுத்துப் புள்ளிக்குக் கொண்டுவராதே. இடுப்பையோ பையையோ நகர்த்தி உடம்பையே திருப்பு. தசையால் பிடித்து வைத்த குறி, விசை விடுபட்ட கணத்தில் பழைய இடத்துக்கே ஓடிவிடும். 'க்ளிக்' சத்தத்துக்குப் பிறகும் ஒரு விநாடி விசையை விடாமல் பார்த்துக்கொண்டே இரு. கோடு எங்கே துள்ளியது? கீழே இடதா? அங்கேதான் நிஜக் குண்டும் போயிருக்கும்.

வீட்டில் இருப்பவர்களுக்கு முன்பே சொல்லிவிட்டுச் செய். சாயங்காலம் முழுக்கச் சுவரைப் பார்த்து மூச்சு விடுகிற மனிதனோடு வாழ்வது லேசுப்பட்ட காரியம் இல்லை.

ஏப்ரல் 14

அதையொட்டி: பின்னுதைப்புக்கு உடம்பு முன்கூட்டியே சுளிப்பதைக் கண்டுபிடிக்க ஒரு வழி. நண்பரிடம் தோட்டாக்களைக் கொடுத்து, நடுவில் எங்கேயாவது ஒரு போலித் தோட்டாவைச் சேர்த்து மேகசினில் போடச் சொல். எது போலி என்று உனக்குத் தெரியக்கூடாது. அது வரும்போது 'க்ளிக்' மட்டும் கேட்கும், ஆனால் உன் தோள் முன்னால் தள்ளி, குழல் முனை ஒரு முழம் குத்திட்டுத் தாழும். பக்கத்தில் நிற்பவர்கள் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்புக்குப் பயந்தே பலருக்குச் சுளிப்பு நின்றிருக்கிறது.

காதுக்கு அடைப்பான், அதற்கு மேல் காதுமூடி, இரண்டும் போடு. சுளிப்பில் பாதி சத்தத்தால் வருவது.

ஏப்ரல் 19

22 ரிம்ஃபயரில் பழகுவதை ஏளனம் செய்தவருக்கு. அதன் 22 எல்ஆர் தோட்டாவின் குண்டு ஒலியின் வேகத்தை ஒட்டியே போகிறது, காற்று அதை இழுத்த இழுப்புக்குப் போகும். கோணக் கணக்கில் பார்த்தால் 100 மீட்டரில் 22-ஐக் காற்று தள்ளுவதும் 400, 500 மீட்டரில் 308-ஐத் தள்ளுவதும் கிட்டத்தட்ட ஒன்று. மலிவாக, சத்தமில்லாமல், தோள் வலிக்காமல் காற்றைப் படிக்க இதைவிட நல்ல வாத்தியார் கிடையாது. குண்டு சின்னது என்று பின்தடுப்பில் (இலக்குக்குப் பின்னால் குண்டைத் தாங்கும் மேட்டில்) அலட்சியம் வேண்டாம், அதுவும் ஒரு கிலோமீட்டரைத் தாண்டிப் போகக்கூடியது.

காற்றைப் படிப்பது எப்படி என்று கேட்டிருந்தீர்கள். முகத்தில் லேசாக உணர்ந்தால் விநாடிக்கு 2 மீட்டர் வாக்கில். இலைகள் நிற்காமல் ஆடினால் 3. தூசியும் சருகும் கிளம்பினால் 4, 5. சின்ன மரங்களே அசைந்தால் 6-க்கு மேல், அப்போது துப்பாக்கியைப் பைக்குள் வை. காற்று முழுக்கக் குறுக்கே வந்தால் முழுக் கணக்கு, 45 டிகிரியில் வந்தால் 70 சதம், சுடும் கோட்டிலிருந்து 30 டிகிரியில் வந்தால் பாதி.

வெயில் நேரத்தில் கானல் இன்னும் நன்றாகச் சொல்லும். ஸ்கோப்பின் குவியத்தை இலக்குக்குச் சற்று முன்னால் கொண்டுவா. புல் நுனிகளுக்கு மேலே தண்ணீர் ஓடுவதுபோல ஒரு நெளிவு தெரியும். அது வலமிருந்து இடம் ஓடினால் காற்றும் அப்படியே. நெளிவு சாய்ந்து வேகமாக ஓட ஓடக் காற்றும் கூடுகிறது. நேராக மேலே கொதித்தால் குறுக்குக் காற்று இல்லை, அல்லது இதோ திசை மாறப் போகிறது. அந்தக் கொதிப்பை நம்பிச் சுடாதே. ஒரு பக்கம் ஓட ஆரம்பிக்கும் வரை பொறு.

உன் பக்கத்தில் அடிக்கும் காற்றுக்கு மதிப்பு அதிகம், தொடக்கத்திலேயே வாங்கிய விலகலைக் குண்டு மீதி வழி முழுக்கச் சுமந்து போகும். ஆனால் நடுவில் பள்ளத்தாக்கு இருந்தால் அங்கே என்ன அடிக்கிறது என்று உன் முகத்துக்குத் தெரியாது.

ஏப்ரல் 20

"இந்தக் காலத்தில் பாலிஸ்டிக் ஆப் இருக்கிறதே, எதற்கு இவ்வளவு?" ஆப் நல்லதுதான், நானும் வைத்திருக்கிறேன். குண்டின் வேகம், காற்றழுத்தம், வெப்பம் எல்லாம் கொடுத்தால் விழும் அளவைத் துல்லியமாகச் சொல்லும். காற்றின் வேகத்தை மட்டும் உன்னிடம்தான் கேட்கும்.

வேகத்தைத் தோட்டாப் பெட்டியில் அச்சடித்திருப்பதிலிருந்து எடுக்காமல் குரோனோகிராஃபில் (குண்டின் வேகம் அளக்கும் கருவி) அளந்து கொடு. கோடையில் ஜீரோ செய்து உறைபனியில் வேட்டைக்குப் போகிறவர்கள் மறுபடி அளக்க வேண்டும். 30 டிகிரி குளிர்ந்தால் சில தோட்டாக்களில் வேகம் விநாடிக்கு 15 மீட்டர் வரை குறையும்.

ஸ்கோப்பையும் சோதி. 100 மீட்டரில் உயரமான அட்டை, தூக்குநூல் பிடித்து நேர்க்கோடு, அடியில் ஒரு புள்ளி. அதே புள்ளியைக் குறி வைத்துக்கொண்டே 5 மில் ஏற்றிச் சுட்டால் குண்டு சரியாக 50 செ.மீ. மேலே, கோட்டின் மேலேயே விழ வேண்டும். கோட்டை விட்டு விலகினால் ஸ்கோப் சாய்ந்து மாட்டியிருக்கிறது. 500 மீட்டருக்கு 4 மில் ஏற்றி, ரைபிளை 5 டிகிரி சாய்த்துப் பிடித்தால் 17 செ.மீ. பக்கவாட்டில் போகும். சரிவில் படுத்திருக்கும்போது 5 டிகிரி சாய்வு கண்ணுக்கே தெரியாது. ஸ்கோப்பின் மேல் சின்ன நீர்மட்டக் குமிழ் ஒன்றை மாட்டு. கோரியோலிஸ் (பூமி சுழல்வதால் வரும் விலகல்), சுழல் விலகல் (குண்டு சுழல்வதால் வருவது) என்று இங்கே பக்கம் பக்கமாக எழுதுகிறவர்கள் முதலில் அந்தக் குமிழை மாட்டிவிட்டு வாருங்கள், வேட்டைத் தூரத்தில் அவை சில்லறை.

ஏப்ரல் 22

மேலும் கீழும் சுடுவது: மலைமேல் சுட்டாலும் சரி, பள்ளத்தில் சுட்டாலும் சரி, குண்டு நினைத்ததைவிட மேலேதான் படும். 30 டிகிரி சரிவில் லேசர் 400 காட்டினால், கிட்டத்தட்ட 346 மீட்டருக்கான கிளிக்தான் போட வேண்டும். பல ரேஞ்ச்ஃபைண்டர்கள் இதைத் தாமே கணக்கிட்டுத் தருகின்றன. இதற்கு மேல் இதில் ஒன்றுமில்லை.

மே 3

சண்டை திரும்பவும் 400-க்கே வந்துவிட்டது. சமவெளியில் வேட்டையாடும் ஒருவர், தன் இடத்தில் மறைவே கிடையாது, 300-க்குள் மான் நெருங்கவே விடாது என்கிறார். 6.5 கிரீட்மோர் வைத்திருக்கிறாராம், 2007-இல் வந்த தோட்டா, காற்றில் 308-ஐவிடக் கணிசமாகக் குறைவாகத்தான் தள்ளப்படும். அவர் சொல்வதில் விஷயம் இருக்கிறது. என் எண் என் குழலுக்கும் என் கண்ணுக்கும் உரியது, எல்லோருக்கும் சட்டம் போட எனக்கு உரிமை இல்லை. 1887-இல் தொடங்கிய அமெரிக்க வேட்டைக்காரர் அமைப்பான பூன் அண்ட் கிராக்கெட் கிளப்கூடத் தூர வேட்டையை ஒரு மீட்டர் எண்ணால் வரையறுக்கவில்லை, சுடுகிறவரின் நோக்கத்தைத்தான் பார்க்கச் சொல்கிறது.

ஆனாலும் இரண்டு விஷயத்தைக் கிரீட்மோர் மாற்றாது. 500 மீட்டருக்குக் குண்டு போய்ச் சேர ஏறக்குறைய முக்கால் விநாடி ஆகும், தோட்டாவை மாற்றினால் கொஞ்சம் முன்னே பின்னே. மேய்கிற மான் ஒரு அடி எடுத்து வைக்க அது போதும். நீ விசையை அழுத்திய பிறகு அது நடந்தால் உன் பயிற்சி என்ன செய்யும்?

அடுத்தது குண்டின் வேகம். வேட்டைக் குண்டு உள்ளே போய் விரிய வேண்டும். பல குண்டுகள் விநாடிக்கு 550 மீட்டருக்குக் கீழே சரியாக விரிவதில்லை, முழுச் செம்புக் குண்டுகளுக்கு அதைவிடக் கூடுதல் வேகம் வேண்டும். 308 குண்டு 500 மீட்டரை ஒட்டி அந்த எல்லைக்கு வந்துவிடுகிறது, கிரீட்மோர் அதைக் கொஞ்சம் தள்ளிப்போடும், அவ்வளவுதான். ஊசி போட்ட மாதிரி துளைத்துக்கொண்டு போனால் மான் ஓடிக்கொண்டே இருக்கும். தகட்டுக்கு இந்தக் கவலை இல்லை.

மே 3, இரவு

"வல்வில் ஓரி ஒரே அம்பில் யானை, புலி, மான், பன்றி, உடும்பு ஐந்தையும் துளைத்தார், நீங்கள் ஒரு மானுக்கு இவ்வளவு அழுகிறீர்கள்" என்று கிண்டல் வந்திருக்கிறது. ஓரி எத்தனை முழத்தில் நின்று எய்தார் என்பதைப் புலவர்கள் விட்டுவிட்டார்களே, அதுதான் எனக்குத் தெரிய வேண்டும்.

கிண்டலில் ஒரு நல்ல பாயின்ட் ஒளிந்திருக்கிறது. மானைத் துளைத்த குண்டு பின்னால் நிற்பதையும் துளைக்கும். கூட்டமாக நின்றால் சுடாதே. மேட்டு விளிம்பில் வானம் பின்னணியாக நின்றாலும் சுடாதே, தவறிய ரைபிள் குண்டு சில கிலோமீட்டர் போகும். ஸ்கோப்பைப் பெரிதாக்கிப் பார்க்கும்போது மான் மட்டும்தான் தெரியும், பின்னால் வருகிற ஆள் தெரியமாட்டார். உருப்பெருக்கைக் குறைத்து வைக்கச் சொல்ல எனக்கு இது ஒரு காரணம். குறைத்து வைத்தால் குண்டு எங்கே விழுந்தது என்பதும் கண்ணில் படும்.

ஜூன் 11

தம்பி நோட்டைப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறான். குளிர்ந்த குழல், முதல் குண்டு, 300 மீட்டர். பெரும்பாலானவை தகட்டுக்குள், வெளியே போனவை எல்லாம் வலது பக்கம். பார்த்தால் அவையெல்லாம் மதியம் சுட்டவை. அந்த ரேஞ்சில் மதியத்துக்கு மேல் இடமிருந்து காற்று எழும்புகிறது, தம்பி அதற்குப் பாதிதான் ஒதுக்குகிறான். நோட்டு இல்லாவிட்டால் ஸ்கோப்பைத் திருகித் திருகி ஜீரோவையே கெடுத்திருப்பான்.

அடுத்த கட்டம் தம்பி: நின்றுகொண்டிரு, நண்பர் ஒரு தகட்டைக் காட்டுவார். தூரம் எடுத்து, காற்றைப் பார்த்து, இடம் தேடிப் படுத்தோ உட்கார்ந்தோ ஒரே குண்டு. அதற்கு முன் சின்ன ஓட்டம் ஓடி மூச்சு வாங்கட்டும், குண்டு இல்லாத ரைபிளோடு. முக்கியமாக, சில தகடுகளைப் பார்த்து 'சுடமாட்டேன்' என்று சொல்ல வேண்டும். காற்று பிடிபடவில்லை, நிலை ஆடுகிறது, நேரம் போதாது, எந்தக் காரணமானாலும். அதையும் நோட்டில் எழுது. நாங்கள் பழகும்போது தவறிய குண்டுக்கு ஒரு டீ வாங்கிக்கொடுக்க வேண்டும், சுடாமல் விட்டதற்கு எதுவும் இல்லை. டீக்குப் பயந்து எல்லோரும் திடீரென்று விவேகிகள் ஆகிவிட்டோம்.

ஆகஸ்ட் 17

ஒரு பயிற்சி விட்டுப்போயிற்று, யாரும் செய்வதில்லை. சுட்ட பிறகு அந்த இடத்தைக் கண்டுபிடிப்பது. இங்கிருந்து பார்க்கும்போது 'அந்த வெளிறிய புதருக்கு இடது பக்கம்' என்று தெளிவாக இருக்கும். 350 மீட்டர் நடந்து பள்ளத்தில் இறங்கி ஏறினால் அங்கே எல்லாப் புதரும் வெளிறியே இருக்கும். அதனால் கிளம்பும் முன் நின்ற இடத்தில் ஒரு கலர்த்துணி கட்டு, திசைகாட்டியில் கோணம் எடு, தூரம் குறி, படம் எடு. ரேஞ்சுக்கு வெளியே துப்பாக்கியே இல்லாமல் பழகலாம்: தூரத்தில் ஒரு கல்லைத் தேர்ந்தெடுத்து, நேராகப் போய் அதே கல்லைத் தொடு. முதல் தடவை தொடுகிறவர் குறைவு.

ரத்தம் இளஞ்சிவப்பாய் நுரைத்திருந்தால் நுரையீரல், பெரும்பாலும் பக்கத்திலேயே கிடக்கும். கருஞ்சிவப்பு என்றால் ஈரல், பொறுக்க வேண்டும். பச்சையாக இரைப்பைச் சாறு கலந்திருந்தால் குடல், பல மணி நேரம் விட்டுத்தான் பின்தொடர வேண்டும், உடனே விரட்டினால் அது மைல் கணக்கில் போய்விடும். இந்தப் பொறுமை இல்லாதவர்கள் தூரத்துச் சுடலைப் பற்றிப் பேசவே வேண்டாம், என் கருத்து அவ்வளவுதான், சண்டைக்கு வாருங்கள்.

செப்டம்பர் 28

மே மாதம் 400 என்ற கோட்டைக் கொஞ்சம் தளர்த்திப் பேசினேன். இப்போது திரும்ப இறுக்குகிறேன். எண் தன்னிச்சையானதுதான். ஆனால் பெரிய கொம்போடு ஒரு ஆண் மான் எதிர்ச்சரிவில் வந்து நிற்கும்போது மனசு எந்த எண்ணையும் நீட்டிவிடும். 'இன்னும் 40 மீட்டர்தானே.' முன்பே எழுதி வைத்த எண் இருந்தால் அந்தப் பேச்சுக்கு இடமில்லை. சமவெளி நண்பர் தனக்கு 450 எழுதி வைக்கட்டும், எழுதியதைத் தாண்டாமல் இருந்தால் சரி. அதிகத் தூரம் என்றால் பாதி நேரம் விடை ரைபிளில் கிடையாது, காற்றுக்கு எதிராக வளைந்து சென்று 100 மீட்டர் நெருங்குவதில் இருக்கிறது.

தம்பி தன் எண்ணை அனுப்பியிருக்கிறான். படுத்தால் 300, உட்கார்ந்தால் 180, இலைகள் நிற்காமல் ஆடினால் இரண்டும் பாதி. ஏப்ரலில் 600 சொன்ன அதே ஆள்.

அக்டோபர் 9

தம்பியின் கடைசிக் கேள்விக்கு: பயிற்சிக்கு மலிவான 168 கிரெய்ன் மேட்ச் (போட்டிச் சுடலுக்கான) குண்டு, வேட்டைக்கு 165 கிரெய்ன் செம்புக் குண்டு, எடை ஏறக்குறைய ஒன்றுதானே, ஜீரோ மாறுமா? மாறும். 100 மீட்டரிலேயே சில செ.மீ. தள்ளி விழலாம், தூரத்தில் விழும் அளவும் வேறு. மேட்ச் குண்டை மானுக்கு எடுத்துப் போகாதே, அது அட்டைக்காகச் செய்தது, உடம்புக்குள் எப்படி நடந்துகொள்ளும் என்று சொல்ல முடியாது. வேட்டைத் தோட்டாவில் ஒரே லாட் (தயாரிப்புத் தொகுதி) எண்ணாக இரண்டு பெட்டி வாங்கு. ஒரு பெட்டியை ஜீரோ செய்யவும், 200, 300-இல் விழும் அளவைச் சரிபார்க்கவும் செலவழி, இன்னொன்று காட்டுக்கு. பயணத்தில் ஸ்கோப் எங்கேயாவது இடிபட்டிருக்கலாம், முகாமுக்குப் போனதும் அனுமதித்த இடத்தில் 100 மீட்டரில் ஒரு குண்டு சுட்டுப் பார். நோட்டை மறக்காமல் எடுத்துப் போ, பென்சிலோடு. குளிரில் பேனா எழுதாது.